அழுகையை எடுத்துப்போன காகம்

எங்கள் தெருவில் பறவைகள் வீட்டுச் சத்தங்களை எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தது ஒரு பங்குனி மாதம், நகராட்சித் தண்ணீர்த் தொட்டிக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்த வருஷம். முதலில் போனது என் வீட்டுக் கிணற்றுக் கப்பியின் கிறீச்சு. புறவாசல் மதிலில் குருணையைத் தூவிவிட்டு, பறவைகள் குடிக்கிற மண்சட்டிக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன், ஏழெட்டுத் தவிட்டுக்குருவிகள் வழக்கம்போல ஒன்றையொன்று ஏசிக்கொண்டே வந்து இறங்கின, அதில் ஒன்று முதல் மணியைக் கொத்திய அந்த நொடியில் கப்பி ஊமையாகிவிட்டது, கயிறு ஓடுகிறது, வாளி ஏறுகிறது, சத்தம் மட்டும் இல்லை, முருங்கைக் கிளையில் போய் உட்கார்ந்த குருவி வாயைத் திறந்ததும் என் கப்பி அங்கே சுற்றியது. இனிக் கப்பிக்கு எண்ணெய் போடுகிற வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வாளியை இறைத்தேன்.

நான் அந்தத் தொட்டியில் வால்வு திறந்து மூடுகிற வேலையை முப்பத்தொரு வருஷம் பார்த்தவன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மிச்சம் படித்ததெல்லாம் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, கடலை மடித்து வந்த காகிதத்தில் படித்தது. மனைவி போன பிறகும் இரண்டு பேருக்கு அரிசி போடுகிற கை மாறவில்லை, மிஞ்சினதைப் பறவைகளுக்கு வைத்தேன், அதுகள் பெருகின, பிறகு அதுகளுக்கென்றே குருணை வாங்க ஆரம்பித்தேன். இவ்வளவுதான் என் கதை. இனிச் சொல்லப்போவது பக்கத்து வீட்டுக் கதை.

கப்பிக்கு அடுத்து ஞானத்தாய் டீச்சர் வீட்டு குக்கரின் விசில் போனது, ஒரு மைனா எடுத்துப்போனது. அதற்கடுத்து மூலைவீட்டுப் பெரியவரின் இருமல் ஒரு செம்போத்துக்குப் போனது, அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குலுங்குவார், இருமல் வாதாமரத்திலிருந்து கேட்கும், அவர் சம்சாரம் பதினோரு வருஷத்தில் முதல் முறையாக நன்றாகத் தூங்கினதாகச் சொன்னாள். சத்தத்தைப் பறிகொடுத்தவர்கள் விடியற்காலையில் என் புறவாசலுக்கு வந்து நிற்பார்கள், எல்லாப் பறவையும் அங்கேதான் வரும் என்பதால். டீச்சர் குக்கரை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, மைனா விசிலடிக்க அடிக்க விரல் மடக்கி, நான்கானதும் மூடியைத் திறந்துகொண்டு போவாள்.

போகப் போக, பார்த்துப் பார்த்து, சில விஷயங்கள் தெரிந்துகொண்டோம். எந்த வீட்டுச் சோறோ அந்த வீட்டுச் சத்தம், அலகு முதல் மணியைத் தொடும்போது அங்கே என்ன கேட்கிறதோ அது. ரேடியோ, டி.வி. சத்தத்தை எந்தப் பறவையும் சீந்தாது. சொல்லிச் செய்த சத்தத்தையும் எடுக்காது. ஒருவர் தன் சம்சாரத்தின் ஏச்சைக் கொடுத்துவிடலாம் என்று ஆசைப்பட்டு, சோறு வைக்கிற நேரத்தில் தன்னை ஏசச்சொல்லி அவள் காலில் விழாத குறையாகக் கேட்டார், அவளும் ஏசினாள், குயில் சோற்றை மட்டும் தின்றுவிட்டுப் போனது. ஒரு பறவைக்கு ஒரு சத்தம்தான். கையில் ஒன்றும் இல்லாத பறவை எதையும் எடுக்கும், ஆனால் ஒன்றை வைத்திருக்கிற பறவை அதைக் கீழே போட வேண்டுமானால், பிறந்ததிலிருந்து அது கேட்டிராத சத்தம் வேண்டும். தெருவில் முதல் தையல் மெஷின் வந்த அன்று தவிட்டுக்குருவி மெஷினை எடுத்துக்கொண்டு கப்பியைப் போட்டுவிட்டது, எனக்கு மறுபடியும் எண்ணெய்ச் செலவு. டீச்சரின் மைனாவைப் பூனை பிடித்தது. அதற்குப் பிறகு அவள் புதுக் குக்கர் வாங்கினாள், அதுவும் ஊதவில்லை, எந்தக் குக்கரும் அந்த வீட்டில் ஊதவில்லை. பறவை செத்தால் சத்தமும் செத்தது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டோம்.

இதற்கெல்லாம் தெரு பழகிவிட்டது. சாப்பாட்டுக்கு முன்னால் காகத்துக்கு ஒரு பிடி வைக்காமல் எங்களால் இருக்க முடியாது, ஆகவே வைக்கும்போது வீடுகள் வாயைப் பொத்திக்கொண்டன, பெண்கள் வளையலை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டார்கள், அம்மி நின்றது, தொட்டில் நின்றது, பன்னிரண்டரை மணிக்குத் தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும், காகம் கொத்தியதும் எல்லா வீடும் ஒரே நேரத்தில் மூச்சை விடும்.

எனக்கும் ஆவுடையம்மாளுக்கும் நடுவில் ஒரு மதில்தான். அவள் புருஷன் கொம்பையா, ஐஸ் பேக்டரியில் இருந்தவர், இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. மகன் உச்சிமாகாளி லோடு ஆட்டோ ஓட்டினான். மருமகள் பிரம்மசக்தி, சக்தி என்று கூப்பிடுவோம், வாய் திறந்து பேசிக் கேட்பது அபூர்வம். அவளுக்குப் பெண்பிள்ளை பிறந்து ஐம்பத்திரண்டு நாள்.

ஆடி மாதம், கொம்பையாவின் திதிக்கு முந்தின சாயங்காலம், ஆவுடையம்மாள் மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

“அண்ணாச்சி, நாளைக்கு அவுகளுக்குத் திதி. காலையில குருணை கிருணைன்னு போட்டுறாதீய. ஒங்க வீட்டுல வயிறு முட்டத் தின்னுட்டு எங்க எலைய எட்டிக்கூடப் பாக்காதுவ.”

“போடல ஆவுடை.”

“இப்படித்தான் சொல்லுவீய. விடிஞ்சா கை சும்மா இருக்காது.”

விடிந்தது. மதிலில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. இடது காலில் ஒரு விரல் போன காகம் ஒன்று, இருபது வருஷமாக எனக்குத் தெரிந்தது, குருணை டப்பாவின் மூடியை அலகால் தட்டியது, நிறுத்தி என்னைப் பார்த்தது, மறுபடியும் தட்டியது. ஒரு கைதானே என்று போட்டேன். ஒரு கை போட்டவனுக்கு இரண்டாவது கை போடுவது பெரிய காரியமில்லை.

பதினொரு மணிக்கு அவர்கள் மதிலில் இலை வைத்தார்கள். சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், உளுந்த வடை, மேலே ஒரு கரண்டிப் பாயசம். கா கா என்று ஆவுடையம்மாள் கூப்பிட்டாள், உச்சிமாகாளி கூப்பிட்டான், வந்திருந்த சொந்தக்காரர்கள் கூப்பிட்டார்கள். விரல் போன காகம் என் முருங்கையில் உட்கார்ந்து அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது. பதினொன்றே கால், பதினொன்றரை. உள்ளே பிள்ளை அழ ஆரம்பித்தது.

“அத்தை, பிள்ளை ரொம்ப அழுவுது. பால் குடுத்துட்டு ஓடியாந்திருதேன்” என்றாள் சக்தி, வாசல்படியில் நின்றுகொண்டு.

“காக்கா எடுக்கதுக்கு முந்தி இந்த வீட்டுல ஒரு வாயிலயும் ஒண்ணும் படக்கூடாது. அஞ்சு நிமிசம் பொறு, இப்ப வந்திரும்.”

“அது பச்சப்பிள்ளை அத்தை.”

“அவுக பேத்திதானே? அவுகளுக்கு முந்தி அவ குடிப்பாளாக்கும்?”

எந்த வீட்டிலும் கைப்பிள்ளைக்கு இந்தச் சட்டம் கிடையாது. ஆவுடையம்மாளுக்கும் அது தெரியும். ஆனால் முந்தின வருஷங்களில் முதல் கூப்பாட்டிலேயே வந்த காகம் இந்த வருஷம் வரவில்லை என்றதும் அவளுக்குள் ஒரு பயம் இறங்கிவிட்டது, வீட்டில் என்னவோ குறை இருக்கிறது, இன்னும் கொஞ்சம் கடுமையாக இருந்தால் அவர் வந்துவிடுவார் என்று. சொந்தக்காரர்களில் ஒருத்தி கொடுக்கச் சொன்னாள், இன்னொருத்தி இத்தனை நேரம் இருந்தாயிற்று இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றாள். பன்னிரண்டு அடித்தது. பிள்ளையின் அழுகை வீட்டை இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது. காகம் வந்தால் வாயை மூட வேண்டும் என்பது அன்றைக்கு யாருக்கும் நினைப்பில்லை, வந்தால் போதும் என்று எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள், பன்னிரண்டேகாலுக்குக் காகம் என் முருங்கையிலிருந்து எழுந்து, மதிலில் இரண்டு தத்துத் தத்தி, வடையில் அலகை வைத்தது.

வால்வை மூடினால் குழாய் நிற்பதுபோல் அழுகை நின்றது.

“பாத்தியா, தாத்தா வந்ததும் பிள்ளை அமந்துட்டுது!” என்று ஆவுடையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பந்தி போட்டார்கள். அப்பளம் நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துச் சக்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறவாசலுக்கு வந்தாள், பிள்ளையின் முகம் கத்தரிக்காய் நிறமாக இருந்தது, வாய் உள்நாக்குத் தெரியத் திறந்திருந்தது, இரண்டு கண்ணிலும் தண்ணீர் ஓடியது, ஒரு சொட்டுச் சத்தம் இல்லை. வேப்பமரத்திலிருந்து அந்த அழுகை கேட்டது. சக்தி அண்ணாந்து பார்த்தாள், பார்த்தபடியே அவள் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்தது.

அன்றிலிருந்து அந்தக் காகம் ஊர் முழுக்க அழுதுகொண்டு திரிந்தது. பஸ் ஸ்டாண்டில் அழுதது, தாலுகா ஆபீஸ் மாடியில் அழுதது, ஐஸ் பேக்டரிக் கூரையில் அழுதது, எங்கே அழுதாலும் சக்தியின் மார்பு கேட்டது, அவள் பிள்ளையை இடுக்கிக்கொண்டு வெயிலில் அந்தத் திசைக்கு ஓடினாள், ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அழுகை வேறு தெருவுக்குப் போயிருக்கும். பிள்ளையழும் சத்தத்தைக் கேட்டுவிட்டு யாரால் சும்மா இருக்க முடியும்? டீக்கடைக்காரர் பன்னைப் பிய்த்துப் போட்டார், பஸ் கண்டக்டர் முறுக்கு போட்டார், யாரும் ஒரு சத்தம் செய்யாமல், பாவம் பசிக்குது போலிருக்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு போட்டார்கள். காகத்துக்கும் அழுதால் சோறு என்று தெரிந்துவிட்டது. காகம் கொழுத்தது. பிள்ளை இளைத்தது.

மூன்றாம் நாள், சக்தி குளிக்கப் போயிருந்தபோது, தொட்டில் கயிற்றின் வழியாகச் செவ்வெறும்பு இறங்கிவிட்டது. எவ்வளவு நேரம் கடித்ததோ, யாருக்கும் கேட்கவில்லை. முதுகு முழுக்கத் தடித்திருந்த பிள்ளையைப் பார்த்த பிறகு, ஞானத்தாய் டீச்சர் தெருப் பெண்களுக்கு முறை போட்டுக்கொடுத்தாள், முக்கால் மணிக்கு ஒருத்தி, பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதுதான் வேலை, முகம் சுளித்தால் கைதட்டிச் சக்தியைக் கூப்பிட வேண்டும். தண்ணீர் பிடிக்கப் போகிறவளும் குடத்தை வைத்துவிட்டுத் தன் முறையைப் பார்த்துவிட்டுப் போனாள். யார் முறையிலும் ஆவுடையம்மாள் பெயர் இல்லை. அவள் கேட்கவும் இல்லை.

ஒன்பதாம் நாள் பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரி டாக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, “பிள்ளை வாய்விட்டு அழணும்மா. அழுதாத்தான் நெஞ்சு விரியும், சளி எளகும். ஏன் அழ மாட்டேங்குது?” என்று கேட்டார்.

“அழுவுது டாக்டர். மரத்துல இருந்து” என்றாள் சக்தி.

அவர் மருந்துச் சீட்டில் இரண்டு மருந்து எழுதி, அதற்குக் கீழே, காகத்தை உடனே கொண்டுவரவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாலு நாளுக்குள் என்றும் சொன்னார்.

சீட்டைப் பார்த்த உச்சிமாகாளி, திருவிழாவில் பலூன் சுடுகிற கடைக்காரரிடமிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டு நேராக என் புறவாசலுக்கு வந்து, கிணற்றுமேடையில் உட்கார்ந்தான்.

“ஏல, அது செத்தா சத்தமும் செத்துரும். டீச்சர் வீட்டு குக்கர மறந்துட்டியா?”

“மாமா, குக்கரும் பிள்ளையும் ஒண்ணா? பொணந்திங்கிக் காக்கா என் பிள்ளை சத்தத்துல பன்னு வாங்கித் திங்குது. டீக்கடையில சிரிக்கான்.”

“சுட்டுட்டு அப்புறம் என்ன செய்வ?”

“தெரியல.” அவன் துப்பாக்கியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டான். “நாலு நாள் பாப்பேன். அஞ்சாம் நாள் சுடுவேன். அது அழுவுத கேட்டுக்கிட்டு என்னால பிள்ளையப் பொதைக்க முடியாது.”

அவனை யாரும் திட்டவில்லை. அன்று சாயங்காலமே தெரு கூடி ஒரு முடிவு எடுத்தது. காகம் பசித்து வர வேண்டும், வந்து எங்கள் சோற்றில் அலகு வைக்கும்போது அது கேட்டிராத சத்தம் கேட்க வேண்டும். அதனால் மூன்று நாளைக்கு ஊரில் எந்தப் பறவைக்கும் யாரும் ஒரு பருக்கை வைக்கக் கூடாது. டீக்கடைக்காரரிடம் சொன்னோம், கண்டக்டர்களிடம் சொன்னோம், குப்பைத்தொட்டிகளைச் சாக்குப் போட்டு மூடினோம், மீன்கடையைத் தார்ப்பாய்க்குள் நடத்தினார்கள். நான் மண்சட்டியைக் கவிழ்த்தேன், டப்பாவை உள்ளே வைத்துப் பூட்டினேன். காலையில் மதில் நிறையப் பறவைகள், தவிட்டுக்குருவி, மைனா, கொண்டைக்குருவி, புறா, செம்போத்து, எல்லாம் என் கையைப் பார்த்தன. இருமல் கேட்டது, தையல் மெஷின் கேட்டது, யாரோ ஒருவருடைய குறட்டை கேட்டது, நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஊரே காகத்தின் அழுகையைக் கேட்டுக்கொண்டு கையைக் கட்டியிருந்தது. பசி ஏற ஏற அழுகை உரத்தது, இப்போது அதில் வேஷமில்லை.

இரண்டாம் நாள் மதியம், மதிலுக்கு அந்தப் பக்கம் சக்தி பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளையின் மூச்சு, சல்லடையில் உமி சலிப்பதுபோல் இருந்தது.

“சக்தி, திதியன்னைக்குக் காலையில நான் குருணை போட்டேம்மா. போட மாட்டேன்னு சொல்லிட்டுப் போட்டேன்.”

“பாத்தேன் பெரியப்பா.”

“யாருகிட்டயும் சொல்லலியே நீ.”

அவள் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். “என் கோவத்த ஒரு ஆளு மேல வச்சிருக்கேன். ஒங்களுக்கும் பிரிச்சுக் குடுத்தா அது கொறஞ்சு போகும்.”

நாலாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, காகம் என் முருங்கையில் வந்து உட்கார்ந்தது. செய்தி தெரு முழுக்கப் போனது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கிண்ணம் சோற்றோடு வந்தார்கள், எந்த வீட்டுச் சோறோ அந்த வீட்டுச் சத்தம் என்பதால், சொல்லிச் செய்த சத்தம் எடுபடாது என்று தெரிந்தும் வேறு வழியில்லாமல், தங்கள் தங்கள் சத்தத்தையும் கொண்டுவந்தார்கள், என் புறவாசலில் கால் வைக்க இடமில்லை. உச்சிமாகாளி கிணற்றுமேடையில் துப்பாக்கியோடு இருந்தான், குழல் முருங்கையைப் பார்த்திருந்தது. டாக்டர் சொன்ன நாலு நாளில் அது கடைசி நாள். பிள்ளையின் உதட்டைச் சுற்றி நீலம் பாவியிருந்தது.

முதலில் நாயனக்காரர் தன் வீட்டுச் சோற்றை மதிலில் வைத்து, வாசிக்க ஆரம்பித்தார். காகம் கீழே பார்த்தது, தலையைத் திருப்பிக்கொண்டது. எத்தனையோ கல்யாணத்தில் கேட்டது. கொல்லர் வீட்டிலிருந்து பட்டறைக்கல்லைக் கொண்டுவந்து அடித்தார்கள். பசு கத்தியது. டீச்சர் தன் இளமையில் படித்த இங்கிலீஷ் பாட்டுப் பாடினாள், “இதைக் கேட்டிருக்கவே முடியாது” என்று சொல்லிவிட்டு. அது இருபது வருஷம் பள்ளிக்கூட ஜன்னலில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும், கொட்டாவிபோல அலகைத் திறந்து மூடியது. ஆட்டுக்கல், தறி, துடைப்பம், பூட்டு, சிரிப்பு, தும்மல், ஒப்பாரி, ஒவ்வொரு கிண்ணமாக மதிலில் ஏறியது, ஒவ்வொரு கிண்ணமாக இறங்கியது. இருபது வருஷமாக எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்று எங்கள் தெருவில் இருந்த காகம் அது, அது கேட்காதது எங்களிடம் ஒன்றுமில்லை. பசியில் அதன் இறக்கை தொங்கியது, ஆனாலும் கீழே வரவில்லை, பிள்ளையின் குரலில் விட்டு விட்டு அழுதது. அந்த அழுகையும் மெலிந்துகொண்டு வந்தது, இங்கே பிள்ளையின் மூச்சு மெலிய மெலிய.

மணி பத்தேகால். “போதும், நாளைக்கு வரைக்கும் பிள்ளை தாங்காது” என்று உச்சிமாகாளி எழுந்து துப்பாக்கியைத் தோளில் வைத்தான்.

ஆவுடையம்மாள் தன் வீட்டிலிருந்து ஒரு தட்டில் சோற்றைக் கொண்டுவந்தாள், கூட்டம் விலகியது, அவள் அதை மதிலில் வைத்துவிட்டுக் கையைக் கூப்பினாள். “எறங்கி வாங்க. நான் செஞ்ச தப்புக்குப் பிள்ளைய என்னத்துக்குப் போட்டு...”

“இப்பச் சொல்லுங்க!” என்றது ஒரு குரல். யாருடையது என்று நாங்கள் திரும்பிப் பார்த்தோம். சக்தி. “இப்பக் கும்பிடுங்க! அன்னைக்கு ஒரு மணி நேரம் காலப் பிடிச்சேனே, எலையப் பாத்தீயளே தவிர பிள்ளையப் பாத்தீயளா? செத்தவுகளுக்கு வடை ஆறிப்போகும்னு இருக்குத பிள்ளையக் கொன்னீயளே, நீங்கள்லாம் ஒரு...”

காகம் எழுந்து மதிலுக்கு வந்தது. தட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணால் சக்தியைப் பார்த்தது. இந்தக் குரலை அது கேட்டதில்லை. நாங்களும் கேட்டதில்லை. துப்பாக்கிக் குழல் கூடவே இறங்கியது. யாரோ, “விடாத, சொல்லு, சொல்லு” என்றான், அந்தப் பாவி வாயை ஏன் திறந்தானோ, சொல்லச் சொன்னதும் சக்திக்குக் குரல் அடைத்துவிட்டது, பிள்ளையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு வெறுமனே நின்றாள். காகம் ஒரு அடி பின்னால் வைத்தது. இறக்கையை விரித்தது. உச்சிமாகாளி ஒரு கண்ணை மூடினான்.

அப்போதுதான் ஆவுடையம்மாள் தன் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

நாற்பத்தோரு வருஷத்தில் அந்த வாயிலிருந்து அந்தப் பெயர் வந்ததில்லை. ரேஷன் கார்டு எழுதுகிற இடத்தில் மகனைச் சொல்லச் சொல்லுவாள், அவன் இல்லாவிட்டால் வேறு யாரையாவது சொல்லச் சொல்லித் தலையாட்டுவாள். சவத்தின் மேல் விழுந்து அழுதபோதுகூட, என்னப் பெத்த ராசா என்றுதான் அழுதாள். அந்தப் பெயரை நாங்கள் ஆயிரம் தடவை சொல்லியிருப்போம், காகம் ஆயிரம் தடவை கேட்டிருக்கும், இந்த வாயிலிருந்து இல்லை. ஓடிப்போகிற ஆளைக் கையைப் பிடித்து நிறுத்துகிறவள்போல், அடிவயிற்றிலிருந்து, கூச்சமில்லாமல், கோபத்தோடு கூப்பிட்டாள்.

“கொம்பையா! ஏ கொம்பையா!”

விரித்த இறக்கை அப்படியே நின்றது. காகம் முழுதாக அவள் பக்கம் திரும்பியது.

“கொம்பையா, வந்து தின்னுட்டுப் போ!”

அது மூன்று தத்துத் தத்திவந்து சோற்றில் அலகை வைத்தது. ஆவுடையம்மாளின் வாய் அந்தப் பெயரை இன்னொரு தடவை சொன்னது, உதடு அசைந்தது, அந்தப் பெயருக்கு மட்டும் சத்தம் வரவில்லை. பிள்ளை வாயைத் திறந்தது, மூடியது, திறந்தது. ஒன்றுமில்லை. சக்தி அதைக் குப்புறத் தூக்கி முதுகில் தட்டினாள், இரண்டு தட்டு, மூன்று தட்டு, கெட்டியாக ஒரு உருண்டை வெளியே வந்து விழுந்தது, அதற்குப் பின்னால், துருப்பிடித்த குழாயில் பல நாள் கழித்துத் தண்ணீர் வருகிற மாதிரி முதலில் கரகரத்து, பிறகு தெறித்து, பிறகு திறந்த வாய் நிறைய, அழுகை வந்தது.

சக்தி நின்ற இடத்திலேயே உட்கார்ந்து பால் கொடுத்தாள். பிள்ளை இரண்டு வாய் குடிக்கும், விட்டுவிட்டு அழும், மறுபடியும் குடிக்கும். ஆண்கள் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டோம், யாரும் போகவில்லை, யாரும் பிள்ளையை அமர்த்தச் சொல்லவில்லை. உச்சிமாகாளி துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். காகம் தட்டைக் காலி செய்தது, கிளம்பியது, என் முருங்கைக்கு மேலே போனதும் ஆவுடையம்மாளின் குரலில், அடித்தொண்டையில், கொம்பையா, ஏ கொம்பையா என்று கூப்பிட்டுக்கொண்டே தெருவுக்கு மேலே பறந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்களாம்.

“ஆவுடை, ஊருக்கே தண்டோரா போடுது” என்றேன்.

அவள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, மருமகளிடமிருந்து ஏழெட்டு அடி தள்ளி, தரையில் உட்கார்ந்தாள். சக்தி அவளைப் பார்க்கவில்லை. அன்றும் பார்க்கவில்லை, அந்த மாதம் முழுக்கப் பார்க்கவில்லை. கார்த்திகை பிறந்து ஒரு நாள், மருமகள் ஒரு வார்த்தையும் பேசாமல் பிள்ளையைக் கொண்டுவந்து ஆவுடையம்மாள் மடியில் போட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனதை மதிலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து நான் பார்த்தேன். பிள்ளை கொஞ்சம் சிணுங்கிவிட்டு அந்த மடியிலேயே கண்ணயர்ந்தது. ஆவுடையம்மாள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல். அந்த நேரம் பார்த்து வேப்பமரத்தில் காகம் வந்து உட்கார்ந்து, கொம்பையா என்று உரக்கக் கூப்பிட்டது.

அவள் அண்ணாந்து பார்த்தாள்.

“மெல்லக் கூப்பிடுங்க” என்றாள். “பிள்ளை ஒறங்குது.”